தேய்ந்த காசின் ஆண்டும் வகையும்

தேய்ந்த காசு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து ஆண்டைத் தேடுவதுதான். எண் தெரியாவிட்டால் காசு மறுபடி டப்பாவுக்குள் போய்விடும். உண்மையில் ஆண்டெண் கடைசியில் பார்க்க வேண்டியது. சின்ன இலக்கங்கள், மேட்டு உயரமும் குறைவு. நாற்பது ஐம்பது வருஷம் மடியிலும் சுருக்குப் பையிலும் உரசிய காசில் அவை முதலிலேயே போய்விடும். எடை, விட்டம், உலோகம், விளிம்பு, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பவை எளிதில் போகா. அவற்றை வைத்தே காசைப் பத்து இருபது ஆண்டுக்குள் அடக்கிவிடலாம். அதற்குப் பிறகு இலக்கத்தைத் தேடினால், எந்த இலக்கம் இருக்க முடியும் என்று தெரிந்தே தேடுவீர்கள்.

இந்த அத்தியாயம் கம்பெனிக் காசுகளையும் பிரிட்டிஷ் இந்தியக் காசுகளையும் பற்றியது. நம் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய உண்டியல்களிலும் அதிகம் கிடைப்பவை இவைதான். சோழர், பாண்டியர் காசுகளுக்கு ஆண்டெண்ணே கிடையாது. அவற்றைப் படிக்கும் முறை வேறு. அரசர் முகம் அல்லது கம்பெனிச் சின்னம் உள்ள பக்கத்தைத் தலை என்றும் மறுபக்கத்தைப் பூ என்றும் குறிப்பிடுகிறேன்.

முதலில் புளியை எடுத்து வையுங்கள்

பித்தளைச் செம்பைப் பளபளக்கச் செய்யும் புளியும் எலுமிச்சையும் விபூதியும் காசுக்கு எமன். செப்புக் காசில் அழிந்த எழுத்து என்று நாம் நினைப்பது பெரும்பாலும் முழுக்க அழிந்திருக்காது. தலைமயிர் கனத்துக்கு ஒரு மேடு மிஞ்சியிருக்கும். அதைச் சுற்றிய பள்ளத்தில் தங்கிய கறுப்பும் களிம்பும்தான் அந்த மேட்டைக் கண்ணுக்குக் காட்டுகின்றன. அமிலம் பட்டால் பள்ளத்துக் கறுப்பும் போகும், மேடும் கரையும். பளபளவென்று சிவந்த ஒரு வெற்றுத் தகடு மிஞ்சும். விலையும் பாதிக்குக் கீழே போய்விடும். எந்தச் சேகரிப்பாளரும் புளி போட்ட காசை முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்.

மண் அப்பியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரு நாள் ஊறப்போட்டு, பல்குத்தும் மரக்குச்சியால் மெல்ல நெருடி எடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஊசி, பிளேடு, பழைய டூத்பிரஷ் எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

தராசு சொல்வது

ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு காந்தம் இருந்தால் போதும். இவற்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தராசை வாங்குங்கள். லூப்பைவிட அது அதிகம் பேசும்.

காரணம் எளிது. காசு தேயத் தேய எடை குறையும், கூடவே கூடாது. ஆகவே இன்றைய எடை, அச்சடித்த அன்றைய எடைக்குக் கீழ் எல்லை. இந்த ஒரு விதியைக் காலணாவில் வைத்துப் பாருங்கள். 1835 முதல் செப்புக் காலணாவின் எடை 100 கிரெயின், அதாவது 6.48 கிராம். 1906இல் எட்வர்டு மன்னர் காலத்தில் செம்பு போய் வெண்கலம் வந்தது. எடை 75 கிரெயினாக, 4.86 கிராமாகக் குறைந்தது. விட்டம் மட்டும் மாறவில்லை. இரண்டுமே ஏறத்தாழ 25.4 மில்லிமீட்டர்.

முகமும் எழுத்தும் போன 25 மில்லிமீட்டர் காசு ஒன்று உங்கள் தராசில் 5.71 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெண்கலக் காலணா புதிதாக இருந்தபோதே 4.86தான். ஆகவே இது செம்பு. 1906க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் இருவரும் ஒரே எடையில் விலகிவிட்டார்கள். அதே காசு 4.5 கிராம் காட்டினால்? வெண்கலமாகவும் இருக்கலாம், வெகுவாகத் தேய்ந்த செம்பாகவும் இருக்கலாம். இங்கே முகத்தைப் பார்க்க வேண்டும். 6.48 கிராம் காசு 4.5 ஆவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உலோகம் போயிருக்க வேண்டும். அந்த அளவு தேய்ந்த காசில் கிரீடமோ காதோ தெரிய வாய்ப்பில்லை. காது தெரிகிறதா, அது வெண்கலம்.

மற்றச் சில்லறைக்கும் இதே கணக்குத்தான். செப்பு அரையணா 12.95 கிராம், அரைக் காலணா 3.24, தம்பிடி 2.16. வெண்கலத்தில் அரைக் காலணா 2.43, தம்பிடி 1.62. இந்த எண்களை ஓர் அட்டையில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

வெள்ளி ரூபாயில் தராசு அவ்வளவு உதவாது. 1835 முதல் 1945 வரை ரூபாயின் எடை மாறவே இல்லை, எப்போதும் 11.66 கிராம்தான். அங்கே உலோகமும் விளிம்பும் பேசும். 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது; பழைய ரூபாயில் 91.7 சதவீதம் இருந்தது 50 சதவீதம் ஆயிற்று. அதே நேரத்தில் விளிம்பும் மாறியது: வெறும் வரிகள் இருந்த இடத்தில், நடுவே ஒரு பள்ளத்தில் கோலம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு வந்தது. விளிம்பில் அந்தப் பள்ளம் இருந்தால், முகம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அது 1940க்கு முந்தியதல்ல. காந்தத்தில் ஒட்டும் ரூபாய் என்றால் 1947இன் நிக்கல் ரூபாய். வெள்ளி என்று ஆசைப்பட வேண்டாம்.

ஓட்டைக் காலணாவுக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். நடுவில் ஓட்டை இருந்தாலே 1943 முதல் 1947 வரை என்று முடிந்துவிட்டது.

தலை எந்தப் பக்கம்

அடுத்தது தலையின் நிழலுருவம். நுணுக்கம் எல்லாம் போனாலும் மூக்கும் கழுத்தும் எந்தப் பக்கம் என்பது தெரியும். நான்காம் வில்லியம் வலப்பக்கம் பார்ப்பார், வெறுந்தலை. விக்டோரியா இடப்பக்கம். எட்வர்டு மீண்டும் வலப்பக்கம், வெறுந்தலை. 1907இல் வந்த நெளிவிளிம்பு ஓரணாவில் மட்டும் அவருக்குக் கிரீடம் உண்டு. ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜும் இடப்பக்கம், கிரீடத்தோடு. வலப்பக்கம் பார்க்கும் 25 மில்லிமீட்டர் காலணா கிடைத்தால் அது எட்வர்டைத் தவிர வேறு யாருமில்லை, எடை 4.86க்கு மேல் இருந்தால் 1903 முதல் 1906 வரை என்று நான்கே ஆண்டில் வந்து நிற்கிறது.

தலையே இல்லாமல், கேடயமும் இரு புறமும் நிற்கும் சிங்கங்களும் மங்கலாகத் தெரிந்தால் அது கம்பெனிக் காசு. இங்கே ஒரு குழப்பம் உண்டு. 1835க்குப் பிந்திய கம்பெனிக் காலணாவும், சென்னை மாகாணத்துக்காக 1803, 1808 ஆண்டுகளில் இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய பத்துக் காசும் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டிலும் கம்பெனிச் சின்னம். எடை வேறு: பத்துக் காசு சுமார் 4.7 கிராம். பூவைத் திருப்பினால் முடிவு கிடைக்கும். காலணாவில் இலை வளையமும் ஆங்கில எழுத்தும், பத்துக் காசில் பாரசீக எழுத்தும் இருக்கும். ஒரு எழுத்தும் படிக்க முடியாவிட்டாலும், மேடுகள் நேர்நேராக நிற்கின்றனவா, வளைந்து நீண்டு ஓடுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

இனி விக்டோரியா. 1862 முதல் 1901 வரை நாற்பது ஆண்டு என்பது பெரிய இடைவெளி. அதை இரண்டாக வெட்ட ஒரு வழி இருக்கிறது. 1876 வரை காசில் 'விக்டோரியா குயின்' என்றும், 1877 முதல் 'விக்டோரியா எம்ப்ரஸ்' என்றும் இருக்கும். விக்டோரியா என்ற சொல் தலைக்கு ஒரு புறம், பட்டம் மறுபுறம், முகத்துக்கு எதிர்ப் பக்கத்தில் விளிம்பை ஒட்டி வளையும். அந்தப் பக்கத்தை மட்டும் லூப்பில் பாருங்கள். குயின் என்ற சொல்லின் கடைசி எழுத்துகள் இரண்டு 'இ', ஒரு 'என்'. எல்லாம் நெட்டுக்குத்துக் கோடுகள். எம்ப்ரஸின் கடைசியில் இரண்டு 'எஸ்'. நேர்கோடே இல்லாத நெளிவுகள். காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். விளிம்பருகே பக்கம் பக்கமாக இரண்டு நெளிவு கண்ணில் பட்டால் 1877–1901. குச்சி குச்சியாக நிழல் விழுந்தால் 1862–1876. விளிம்பை ஒட்டிய எழுத்துகளை அந்த உயர்ந்த விளிம்பே காப்பாற்றுவதால், முகம் வழுவழுத்துப்போன காசிலும் இந்தக் கடைசி எழுத்து பல நேரம் தப்பியிருக்கும். எழுத்தில் நம்பிக்கையான அடையாளம் இதுதான் என்பது என் கணிப்பு.

இலக்கத்துக்கு வெளிச்சம்

இப்போது ஆண்டெண். டியூப் லைட்டுக்கு நேர் கீழே பிடித்தால் எதுவும் தெரியாது. மேலிருந்து விழும் வெளிச்சம் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிவிடும். இரவில் அறை விளக்கை அணைத்து, காசைக் கறுப்புத் துணியில் வைத்து, செல்போன் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். டார்ச்சை அசைக்காமல் காசைச் சுற்றுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கோணம் உண்டு. நேர்கோடு, வெளிச்சம் குறுக்கே வரும்போது தெரியும். படுக்கைக் கோடு, மேலிருந்தோ கீழிருந்தோ வரும்போது தெரியும். நாலைந்து கோணங்களில் படம் எடுத்து, செல்போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். இன்னொரு பழைய வழி, மெல்லிய தாளைக் காசின் மேல் இறுக்கிப் பிடித்து மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தீட்டுவது. கண் விட்ட மேட்டைத் தாள் பிடித்துக் கொடுக்கும்.

அதே வகையில் நல்ல நிலையிலுள்ள காசு ஒன்று பக்கத்தில் இருந்தால் வேலை பாதியாகும். எண் எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அதில் பார்த்துவிட்டால், தேய்ந்த காசில் அதே இடத்தில் மட்டும் தேடலாம்.

நாலு இலக்கத்தையும் படிக்க முயல வேண்டாம். எம்ப்ரஸ் காலணா என்று முன்பே தெரிந்துவிட்டால், 1900, 1901 இரண்டையும் தவிர முதல் இரண்டு இலக்கம் 18தான். மூன்றாவது 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்று. மேலே ஒரு சுழி, கீழே இன்னொரு சுழி மூடியிருந்தால் 8. மேல் சுழி மட்டும் மூடியிருந்தால் 9. சுழியே இல்லாமல் மேலே ஒரு படுக்கைக் கோடு என்றால் 7. இப்படிப் பத்தாண்டு தெரிந்துவிடும். நான்காவது இலக்கத்தில் ஏமாற்றுபவை 3க்கும் 8க்கும், 5க்கும் 6க்கும் இடையிலான ஒற்றுமை. இரண்டு ஜோடியிலும் வித்தியாசம் இடப்பக்கத்தில்தான்: 8, 6 இரண்டுக்கும் இடப்பக்கம் கோடு மூடும், 3, 5 இரண்டுக்கும் திறந்திருக்கும். ஆகவே வெளிச்சத்தை இடப்பக்கமிருந்து விடுங்கள்.

ஆண்டு தெரிந்தாலும் நம்பலாமா

எல்லா நேரமும் நம்ப முடியாது. பழைய நாணயச் சாலைகள் ஒரே ஆண்டெண்ணை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அடித்திருக்கின்றன. விக்டோரியாவின் கம்பெனி ரூபாய் முழுக்க 1840 என்றே இருக்கும். ஆனால் 1862 வரை அடிக்கப்பட்டது. அடுத்து வந்த 1862 ரூபாயும் அப்படித்தான். அந்த எண்ணோடு 1874 வரை அச்சானது. பம்பாய்ச் சாலை மட்டும் பூப்பக்கத்தில் நுண்புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றிக் காலத்தைப் பிரித்தது. காசு தேய்ந்தால் அந்தப் புள்ளிகள் முதலில் போகும். அதனால் தேய்ந்த 1862 ரூபாய்க்கு '1862–1874' என்று எழுதுவதே சரி.

அதற்கு முந்திய காலத்தில் இன்னும் மோசம். கம்பெனியின் ஆற்காட்டு ரூபாயில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற எண்களும் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும்; 1172க்கு 1758–59. ஆனால் அந்தப் பேரரசர் கொல்லப்பட்ட பின்னும், அவருடைய எண்ணோடே பல பத்தாண்டுகள் ஆற்காட்டு ரூபாய் புழங்கியது. வங்காளத்துச் சிக்கா ரூபாயில் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு இப்படி உறைந்து நின்றது. இவற்றில் எண்ணைப் படித்தவுடன் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

திப்புவின் யானைக் காசு வேறு விதத்தில் ஏமாற்றும். கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் பக்கத்திலும் இவை கிடைக்கும். மௌலூதி என்ற ஆண்டுமுறையில், எண்களை வலமிருந்து இடமாக எழுதியிருப்பார்கள். பழக்கமான வாக்கில் படித்தால் எண் தலைகீழாகிவிடும். மௌலூதி 1215 என்பது 1787–88.

கடற்கரை ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் கிடைக்கும் டச்சு துட்டில், வி.ஓ.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்தும் பின்னிய சின்னத்துக்குக் கீழே ஆண்டு இருக்கும். சுமார் 3 கிராம் எடை. ஆண்டு போனாலும் மறுபக்கச் சின்னம் மாகாணத்தைச் சொல்லும்: அலைக்கு மேல் பாதி உடலோடு எழும் சிங்கம் ஜீலந்து, கேடயத்துக்குள் முழுதாக நிற்கும் சிங்கம் ஹாலந்து. இந்த வகைத் துட்டு 1726இல்தான் தொடங்கியது.

வகை என்பது

ஆண்டு ஒன்றே ஆனாலும் அச்சு வேறானால் வகை வேறு. தேய்ந்த காசில் எல்லா வகையையும் தேட முடியாது. தேய்வுக்குத் தாக்குப்பிடிக்கும் வித்தியாசங்களை மட்டும் தேடுங்கள். 1840 ரூபாயில் எழுத்து அரசியின் தலைக்கு மேலாகத் தொடர்ந்து ஓடினால் முந்திய வகை. தலையின் இரு புறமும் பிரிந்து நின்றால் பிந்தியது. எழுத்தைப் படிக்கவே வேண்டாம். தலை உச்சிக்கும் விளிம்புக்கும் நடுவே மேடு இருக்கிறதா, வெற்றிடமா என்று பார்த்தால் போதும். 1858 காலணாவின் இலை வளையம் மேலே முடியும் இடத்தில் ஒற்றை இலையா, இரட்டை இலையா என்பதும் ஓரளவு தாங்கும்.

1911 ரூபாய்க்கு வேறு கதை. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை உருவம் உண்டு. முதல் ஆண்டு அச்சில் அதன் தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே தும்பிக்கையை நீட்டி வரைந்தார்கள். கடைசி இலக்கம் 1ஆ 7ஆ என்று புரியாத ரூபாயில் அந்த யானை மிஞ்சியிருந்தால் தகராறு தீர்ந்தது. அரசரின் மார்புப் பக்கம் மேடு என்பதால் யானை சீக்கிரம் தேயும். எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தில் கவனம் வேண்டிய ஒன்று 1939 ரூபாய். ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 1938 சாதாரணம், 1939 மிக அரிது. அதனால் 8இன் கீழ்ச் சுழியில் இடப்பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கும் வேலை நெடுநாளாக நடக்கிறது. தேய்ந்த காசில் இது எளிது. லூப்பில் சுரண்டிய இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று, இழைகோடுகளோடு இருக்கும். இயல்பான தேய்வு எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வழுவழுப்பாக்கும். ஓர் இலக்கத்தின் கால்பங்கை மட்டும் அது தொடாது.

தேய்வையும் அரிப்பையும்கூடப் பிரித்தறிய வேண்டும். 1808இல் அடித்த சென்னைக் காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை அள்ளினார்கள். கடலடியில் கிடந்த காசில் குழிகுழியாக அரிப்பு இருக்கும், ஆனால் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாகவே நிற்கும். கை மாறிப் புழங்கிய காசில் ஓரங்கள் உருண்டிருக்கும். முதல் வகை நம் சந்தையில் ஒருநாளும் புழங்கியதில்லை. விலை பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

போலியைப் பற்றி நீட்ட மாட்டேன். 1818 என்ற ஆண்டும் 'யூ.கே.எல். ஒன் அணா' என்ற எழுத்தும் ராமர், அனுமார் உருவமும் உள்ள கனத்த செம்பு வட்டங்கள் கம்பெனி வெளியிட்டவை அல்ல. கோவில் வாசல் கடைகளில் விற்கும் பொருள் அது. அது அரிசியை இழுக்கும், கோடி பெறும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

எழுதி வைப்பது

முடிவைக் காசு வைக்கும் காகித உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். 'காலணா, செம்பு, விக்டோரியா எம்ப்ரஸ், 1877–1901, மூன்றாம் இலக்கம் 8 அல்லது 9, எடை 5.71, விட்டம் 25.3' என்பது முழுமையான பதிவு. படிக்க முடியாத இலக்கத்துக்கு ஊகித்து எண் போடாதீர்கள், கேள்விக்குறி போடுங்கள். பின்னால் நல்ல காசு ஒன்று ஒப்பிடக் கிடைக்கும்போது அந்தக் கேள்விக்குறியிலிருந்து தொடரலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியைப் பார்க்கப் போகும்போது இந்தக் குறிப்பையும் எடுத்துப் போங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டம் தோண்டும்போதோ அஸ்திவாரம் பறிக்கும்போதோ மண்ணுக்குள்ளிருந்து காசு கிடைத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசுகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அரசு அனுமதியில்லாமல் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆறாம் ஜார்ஜ் காசுகளையும் ஐந்தாம் ஜார்ஜின் கடைசிக் காலத்துக் காசுகளையும் தவிர, இந்த அத்தியாயத்தில் வந்த மற்ற எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை.